உடலுக்குள் புரோஜெஸ்டிரோனாக மாறாத ஒரு கிழங்கு மாத்திரை

எனக்கு 36 வயது. மாதவிலக்கு ஒழுங்கின்றி வந்துகொண்டிருந்ததால் கருத்தரிப்பது குறித்த கவலையில் இருந்த நான், ஒரு மூலிகை விற்பனையாளரை நம்பி ஆறு மாதங்களை இழந்தேன். இரத்தப் பரிசோதனை எதையும் கேட்காமலேயே கருப்பையைக் கருவுக்குத் தயார்செய்யும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் எனக்குக் குறைவு என்று முடிவுகட்டிய அவர், காட்டுவள்ளிக் கிழங்கின் சாறு அடங்கிய மாத்திரைகளைத் தந்து, அவை உடலுக்குள் சென்று அந்த ஹார்மோனாகவே மாறிவிடும் என்று உறுதியளித்தார்.

அவர் கூறியது முழுப் பொய்யாக இருந்திருந்தால் நான் தப்பியிருப்பேன். 1940களில் ரஸ்ஸல் மார்க்கர் என்ற அமெரிக்க வேதியியலாளர், மெக்சிகோவில் விளையும் காட்டுவள்ளி வகைகளில் உள்ள டயோஸ்ஜெனின் என்னும் பொருளிலிருந்து புரோஜெஸ்டிரோனைத் தயாரித்தது உண்மைதான். விற்பனையாளரும் இந்த வரலாற்றைத்தான் எனக்கு விரிவாகச் சொன்னார். அந்த மாற்றம் ஆய்வுக்கூடத்தில் அடுத்தடுத்துச் செய்யப்பட்ட வேதிவினைகளால் நிகழ்ந்தது என்பதையும், அதைச் செய்யக்கூடிய நொதிகள் மனித உடலில் இல்லை என்பதையும் மட்டும் அவர் சொல்லவில்லை. கிழங்கை எவ்வளவு உண்டாலும் அது புரோஜெஸ்டிரோன் ஆகாது.

மூன்றாம் மாதம் இடையிடையே உதிரப்போக்கு ஏற்பட்டபோது, கழிவு வெளியேறுகிறது, நல்ல அறிகுறி என்றார். புட்டியில் ‘மூலிகைக் கலவை’ என்பதற்குமேல் எதுவும் அச்சிடப்படவில்லை. பலமுறை வற்புறுத்திய பிறகே, சிவப்பு குளோவர் என்ற தீவனச் செடியும், நொச்சியின் இனத்தைச் சேர்ந்த வைடெக்ஸ் என்ற செடியின் கனியும் அதில் சேர்க்கப்பட்டிருப்பது தெரியவந்தது. குளோவரில் உள்ள ஐசோஃபிளேவோன்கள் என்னும் பொருள்கள், பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜென் உடலில் பொருந்தும் ஏற்பிகளில் தாமும் பொருந்தக்கூடியவை. 1940களில் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒருவகைக் குளோவரையே மேய்ந்து வளர்ந்த செம்மறி ஆடுகள் சினைபிடிக்காமல் போனது இத்தகைய பொருள்களால்தான். நாள் முழுவதும் மேய்ந்த ஆட்டையும் ஒரு மாத்திரையையும் நான் ஒன்றாக வைத்துப் பேசவில்லை; ஆனால் கருத்தரிக்க முயலும் ஒருத்திக்கு, தான் விழுங்குவது என்னவென்று அறியும் உரிமைகூடவா இல்லை?

இறுதியில் நான் மகப்பேறு மருத்துவரிடம் சென்றபோது, அவருக்கு வைடெக்ஸ்தான் பெரிய இடைஞ்சலாகத் தோன்றியது. அது மூளையடிச் சுரப்பியில் டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளைப் போலச் செயல்பட்டு, தாய்ப்பால் சுரப்பைத் தூண்டும் ஹார்மோனான புரோலாக்டினின் அளவைக் குறைக்கக்கூடியது என்பதால், பரிசோதனை முடிவைக் குழப்பிவிடலாம் என்றும், கருமுட்டை வெளிப்பாட்டைத் தூண்டும் மருந்துகளோடு அதைச் சேர்க்கவே கூடாது என்றும் விளக்கினார். எல்லாவற்றையும் நிறுத்திச் சில வாரங்கள் காத்திருந்த பின்னரே இரத்தம் எடுக்கப்பட்டது. தைராய்டு சுரப்புக் குறைவு இருப்பது அதில் வெளிப்பட்டது. மாதவிலக்குத் தவறுவதற்கு அது நன்கறியப்பட்ட காரணம், தினமும் ஒரு மாத்திரையால் சரிசெய்யத்தக்கது. 35 வயதைக் கடந்தவர்கள் ஆறு மாதங்கள் முயன்றும் கருத்தரிக்காவிட்டால் பரிசோதனைக்கு வரவேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டுதல். அதே ஆறு மாதங்களைத்தான் நான் கிழங்குச் சாற்றில் கரைத்திருந்தேன்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, முழுப் பலன் ஒன்பதாம் மாதத்தில்தான் தெரியும் என்று பதில் வந்தது. மருத்துவ அறிக்கையை அனுப்பினேன். அதன்பின் பதிலே இல்லை.