புகைக்குழாய் அடுப்பு நல்லது, அந்த எல்போ ஆகாது

மூணு வருஷமா நாங்க வச்சிருக்கிற புகைக்குழாய் விறகடுப்பைப் பார்த்துட்டு, தானும் போடலாமான்னு பக்கத்து வீட்டு அண்ணன் கேட்டார். அடுக்களையில புகை இல்லை, கண் எரியாது, நாலு தேங்காய்ச் சிரட்டை போட்டாலே தீ நின்னு எரியும். அதுல குறையே சொல்ல முடியாது.

கோபமெல்லாம் பின்னால இருக்கிற அந்த எல்போ, அதாவது குழாயைத் திருப்புற வளைவு மேலதான். நாலு இஞ்ச் குழாய் சுவரைத் தாண்டி மேலே திரும்புற இடத்துல புகை குளிர்ந்து, எரியாத தார் உள்ளே படியுது. முதல்ல கரித்தூள், பிறகு செதில், கடைசியில கறுப்புக் கண்ணாடி மாதிரி மினுங்குற கட்டி. சுரண்டினாலும் வராது. அதுல தீ பிடிச்சா 1000 டிகிரியைத் தாண்டும். ஓட்டு வீட்டுல கழுக்கோல், அதாவது ஓட்டைத் தாங்குற கூரை மரம், பக்கத்துலயே இருக்கு! ஒற்றைத் தகடு குழாய்னா மரத்துக்கும் அதுக்கும் 18 இஞ்ச் இடைவெளி வேணும்.

எல்போவுக்குப் பதில் டீ, அதாவது 'T' வடிவ குழாய் இணைப்பு வச்சு, கீழ்வாயில கழற்றுற மூடி போட்டிருந்தா மாசம் ஒருமுறை கம்பி பிரஷ் விட்டு, விழுற கரியை அப்படியே அள்ளிடலாம். படிவு 3 மில்லிமீட்டர் ஆனாலே தேய்க்கணும். ஆஸ்பெஸ்டாஸ் குழாய் வேண்டவே வேண்டாம், கடுஞ்சூட்டுல வெடிக்கும்.

விறகுதான் பாதிக் காரணம். குமரி மாவட்டத்துல குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் தோட்டம் வெட்டுறப்போ ரப்பர் விறகு மலிவாக் கிடைக்கும். பச்சையா எரிச்சா தார்தான் மிச்சம். தை மாசமே பிளந்து காத்தோட அடுக்கி, இடவப்பாதி மழைக்கு (தென்மேற்குப் பருவமழை) முன்னால கூரைக்குள்ள ஏத்திடணும். ரெண்டு கட்டையைத் தட்டினா கணீர்னு கேக்கணும், மொத்துனு கேட்டா ஈரம். முந்திரித் தோட்டைத் தொடவே கூடாது, அதுல உள்ள எண்ணெய் அப்படியே குழாய்ல ஒட்டும்.

குழாய்க்குள்ள இரைச்சல் கேட்டு, மேலே பொறி பறந்தா அடுப்பு வாயைத் தகரத்தால அடைங்க. சட்டியை எடுக்காதீங்க, அந்தத் துளை வழியாவும் காத்து ஏறும். தண்ணி ஊத்தாதீங்க, குழாய் விரிசல் விடும், ஆவி முகத்துல அடிக்கும். எல்லாரையும் வெளியே கூட்டிட்டு தீயணைப்புக்கு 101ல அடிங்க. அடங்கின பிறகும் குழாயைச் சோதிக்காம பத்த வைக்காதீங்க.

இவ்வளவு நல்ல அடுப்பை வாங்குங்கன்னு சொல்ல இப்போ மனசு வரல, அண்ணா. அடுப்பு போடுறவர் அந்த 'T' இணைப்பு வச்சுத் தர மாட்டேன்னா முன்பணம் கொடுக்காதீங்க.