ரேகோர் 500 டீசல் ஃபில்டர்: கேஜோடு வாங்கினால்தான் முழுப் பலன்

என் பாய்மரப் படகில் இருப்பது யான்மார் 2ஜிஎம்20. இரண்டு சிலிண்டர், 18 குதிரைத்திறன். பழசுதான், ஆனால் முரட்டு இன்ஜின். சுத்தமான டீசல் கொடுத்தால் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தச் சுத்தம்தான் இங்கே சிக்கல். மலேசியாவின் லங்காவித் தீவில் 2020 முதல் விற்கும் டீசல் பி20, அதாவது 20 சதவீதம் பாமாயில் பயோடீசல் கலந்தது. பயோடீசல் ஈரத்தை இழுக்கும். டேங்க் அடியில் தண்ணீர் சேர்ந்தால் கிருமி வளர்ந்து கறுப்புச் சளியாகப் படியும். கடல் அமைதியாக இருக்கும்வரை அது கிடந்த இடத்திலேயே கிடக்கும். படகு ஆடினால் கலங்கிக் குழாய்க்குள் ஏறும். இன்ஜின் ஏறி இறங்கி முனகிவிட்டு அணையும். அதுவும் சரியாகப் படகுத்துறை வாசலில்!

டேங்குக்கும், டீசலை இழுத்து இன்ஜினுக்குத் தரும் லிஃப்ட் பம்புக்கும் நடுவே இந்த ரேகோர் 500 ஃபில்டரைப் போட்டேன். கீழே கண்ணாடி போன்ற கிண்ணம். தண்ணீர் இறங்கியிருந்தால் டார்ச் வெளிச்சத்தில் கோடு பிரிந்து தெரியும், அடித் திருகைத் திறந்து வடித்துவிடலாம். படகுக்குத் தீத்தடுப்புத் தகடு உள்ள 500எம்ஏ மாடலையே கேளுங்கள்.

மேல்மூடிக் கைப்பிடிக்குப் பதில் வேக்கம் கேஜ், அதாவது உறிஞ்சும் இழுவையை ஊசியால் காட்டும் மானி, பொருத்தலாம். தனியாகத்தான் வாங்கவேண்டும், விலையும் கொஞ்சம் குத்தும். ஆனால் பாதி மெக்கானிக் வேலையை அதுதான் செய்கிறது. இன்ஜினை நன்றாக முடுக்கிவிட்டுப் பாருங்கள். ஊசி ஏறினால் அடைப்பு. புது எலிமென்ட் (உள்ளே இருக்கும் வடிகட்டி உருளை) போட்டும் இறங்கவில்லையா? அடைப்பு டேங்க் பக்கக் குழாயில். ஊசி அசையாமலே இன்ஜின் திணறினால் காற்று புகுகிறதா, லிஃப்ட் பம்ப் சோர்ந்துவிட்டதா என்று தேடவேண்டும்.

எலிமென்ட்டில் 2, 10, 30 மைக்ரான் உண்டு; எண் சிறியதானால் இன்னும் நுண்ணிய தூசியையும் பிடிக்கும். நான் 10 போடுகிறேன். 2 சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். நுண்ணிய தூசியை இன்ஜின் மேலுள்ள ஃபில்டர் பார்த்துக்கொள்ளட்டும்.

மாற்றுவது சுலபம், மூடியைத் திறந்து மேலாகவே உருவலாம். பிறகு குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற (ஏர் எடுக்க) கையால் அடிக்கும்போது லிஃப்ட் பம்ப் நெம்புகோல் தொளதொளவென்று இருந்தால் பம்ப் போய்விட்டது என்று பதறாதீர்கள். பம்பை அழுத்தும் கேமின் மேட்டில் அது நிற்கும், இன்ஜினின் கிராங்கை ஒரு சுற்றுத் திருப்பினால் பிடித்துக்கொள்ளும்.

எலிமென்ட்டோடு வரும் ரப்பர் வளையங்களையும் சேர்த்தே மாற்றுங்கள். இது உறிஞ்சும் பக்கம். இங்கே ஓட்டை விழுந்தால் இன்ஜின் ஓடும்போது டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். துணி வைத்துத் துடைத்துப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.