முந்திரி விற்க வாட்ஸ்அப்பா, வண்டியை எடுப்பதா?

பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைத்துக் கடலூர், பாண்டி ஸ்வீட் கடைகளுக்கும் பேக்கரிகளுக்கும் சப்ளை செய்கிற எங்களைப் போன்றவர்களிடம் இப்போது ஓடுகிற பேச்சு இதுதான்: எல்லாம் போனிலேயே முடிகிறதே, பெட்ரோல் போட்டுக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்க வேண்டுமா? வேண்டும் என்பது என் கட்சி, ஆனால் எல்லாவற்றுக்கும் இல்லை.

பழகின கடைக்காரர் "320 ரெண்டு டின், பாதி ஒரு டின், வெள்ளிக்கிழமை வேணும்" என்று ராத்திரி பத்தரைக்கு வாய்ஸ் நோட் போடுகிறார் (320 என்பது முழுப்பருப்பின் கிரேடு, பாதி என்பது இரண்டாகப் பிளந்தது). அந்த ஆர்டரை எடுக்க ஒரு ஆள் நேரில் போவது வீண் செலவு. விலை ஏறினால் சொல்ல, பணம் போட்ட ஸ்கிரீன்ஷாட் வாங்க, பில் அனுப்ப எல்லாம் வாட்ஸ்அப்தான் வசதி. சரக்கு வண்டியோடு போகவேண்டிய ஜிஎஸ்டி சீட்டான இ-வே பில்லும் அதிலேயே போய்விடும். (கடலூருக்கும் பாண்டிக்கும் இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான், ஆனால் எல்லை தாண்டுகிற கணக்கு. தமிழ்நாட்டுக்குள் 1 லட்சம் ரூபாய் வரை தேவைப்படாத இ-வே பில், பாண்டிக்குப் போகிற சரக்கு 50,000-ஐத் தாண்டினாலே வேண்டும்.)

புது ஆளைப் பிடிக்கத்தான் வாட்ஸ்அப் உதவுவதில்லை. பிராட்காஸ்ட்டில் ஒரு பட்டியலுக்கு 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் உங்கள் நம்பரை சேவ் செய்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் செய்தி போய்ச் சேரும், அதாவது ஏற்கெனவே தெரிந்தவருக்கே மறுபடி விளம்பரம். வாங்குபவரையும் விற்பவரையும் சேர்த்துவைக்கிற இந்தியாமார்ட் இணையதளத்துப் பக்கம் போனால் ஒரே விசாரணை நாலைந்து சப்ளையர்களுக்குப் போகிறது. அப்புறம் என்ன, "கிலோ என்ன ரேட்?" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

போட்டோவை நம்பியும் விற்க முடியாது. 240 கிரேடு என்றால் ஒரு பவுண்டுக்கு 220 முதல் 240 பருப்பு, 320 என்றால் 300 முதல் 320 வரை. பக்கத்தில் எதையும் வைக்காமல் படம் எடுத்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். டியூப் லைட்டில் வெள்ளைப் பருப்பு மஞ்சளடிக்கும், கருகல் தெரியாது, மொறுமொறுப்பு எந்த போனிலும் வராது. நேரில் கால் கிலோ சாம்பிளைக் கொட்டினால் கடைக்காரர் ஒன்றை எடுத்து நகத்தால் பிளந்து பார்த்து, வாயில் போட்டு, அரை நிமிடத்தில் முடிவு சொல்லிவிடுவார்.

வீடியோ கால் எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. வியாபார நேரத்தில் யாரும் எடுக்க மாட்டார்கள், எடுத்தாலும் முகத்தைக் காட்டுவார்கள், நமக்கு வேண்டியது சமையல்கட்டு.

சமையல்கட்டு என்று ஏன் சொல்கிறேன் என்றால், பாண்டி நெல்லித்தோப்புப் பக்கம் ஒரு ஸ்வீட் கடையில் மாதாமாதம் 240 முழுப்பருப்பு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் பாதிக்கு மேல் முந்திரி கேக்குக்காக கிரைண்டருக்குள் போகிறது. "மாஸ்டர், அரைக்கிறதுக்கு உடைசல் போதுமே?" என்றேன். "ஆர்டர் போடறது மொதலாளி, தம்பி! நான் என்ன பண்ண?" என்றார் சரக்கு மாஸ்டர். முதலாளியிடம் சொன்னதும் அரைக்கிறதுக்கு உடைசல், மேலே வைக்க மட்டும் முழுசு என்று மாற்றிக்கொண்டார். என் பில் தொகை குறைந்தது உண்மைதான், ஆனால் அதற்கப்புறம் கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைத்துச் சொன்னவனிடம்கூட அவர் போகவில்லை. அதே கடையிலிருந்துதான் "பருப்பு நமத்துப்போச்சு" என்று அடிக்கடி புகார் வரும். போனிலேயே பேசியிருந்தால் விலையில் கொஞ்சம் தள்ளிக் கொடுத்துச் சமாதானம் செய்திருப்பேன். திறந்த டின்னைப் பால் காய்ச்சுகிற அடுப்புக்கு நாலடியில் மூடாமல் வைத்திருந்தார்கள், ஆவி முழுக்க அதில்தான். டின்னை இடம் மாற்றி வைத்ததும் புகார் நின்றது.

பாக்கி வசூலுக்கு நேரில் போவதற்கு மாற்றே கிடையாது. புளூ டிக் விழும், பதில் வராது. எங்களைப் போன்ற சிறு உற்பத்தியாளர்களுக்கு 45 நாளுக்குள் பணம் தரவேண்டும் என்று 2006-லேயே சட்டம் இருக்கிறது, அதற்கான அரசு இணையதளத்தில் புகாரும் போடலாம், ஆனால் புகார் போட்ட பிறகு அந்தக் கடையில் உங்களுக்கு அடுத்த ஆர்டர் இருக்காது. கல்லாப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு ஒரு டீ குடித்தால் பாதியாவது கைக்கு வரும்.

சேல்ஸ்மேனை அனுப்பினால் ஆகாதா? வாடிக்கைக் கடைகளைச் சுற்றிவர ஆகும். முதல் சந்திப்புக்கும் புகாருக்கும் மட்டும் நீங்களே போங்கள், ஏனென்றால் பழக்கம் அவரோடு ஆகிவிட்டால் அவர் வேறு கம்பெனிக்கு மாறும்போது கடையும் கூடவே போய்விடும்.

நேரம் பார்த்துப் போவதும் முக்கியம். பாண்டியில் மதியம் ஒரு மணி வாக்கில் பல கடைகளில் ஷட்டர் இறங்கிவிடும், நாலு மணிக்கு மேல்தான் ஏறும், அதனால் காலையில் பத்து மணிக்குள் பெரிய மார்க்கெட் பக்கம் ஆரம்பித்தால் சரியாக வரும். தீபாவளிக்கு முந்தின பத்து நாள் மட்டும் சமையல்கட்டுக்குள் தலையை நீட்டாதீர்கள், மாஸ்டர் கரண்டியோடு துரத்துவார். அந்த நாட்களுக்கு வாய்ஸ் நோட் போதும்.