படத்துக்கு ஸ்டார் போட்டால் காசு: பெங்களூர்த் தமிழர்கள் கவனத்துக்கு

பெங்களூரில் இருக்கும் நம் ஆட்கள் இதை முழுக்கப் படியுங்கள். "புதுப் படங்களுக்கு ரேட்டிங் கொடுங்கள், வீட்டிலிருந்தே தினமும் சம்பாதியுங்கள்" என்று நல்ல தமிழில் ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் வந்துகொண்டிருக்கிறது. அனுப்புகிறவர்கள் திருடர்கள். என்னிடமிருந்து 71,000 ரூபாய் பறித்தார்கள். அதோடு முடியவில்லை. ஆரம்பத்தில் என் கணக்கில் அவர்கள் போட்ட கொஞ்சப் பணத்தால் என் வங்கிக் கணக்கே முடங்கிப்போனது. பணம் போவது பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். கணக்கு முடங்குவது நிறையப் பேருக்குத் தெரியவில்லை. அதற்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் அல்சூரில் குடியிருக்கிறேன். படமோ சீரியலோ, பார்த்தால் மனதில் பட்டதைச் சொல்லாமல் இருக்க முடியாது எனக்கு. எங்கள் பக்கத்துத் தமிழ்ப் பெண்கள் குழுவில் வெள்ளிக்கிழமை ஆனால் "அக்கா, நீங்க பார்த்துட்டுச் சொல்லுங்க, அப்புறம் டிக்கெட் போடறோம்" என்பார்கள். எவ்வளவு பெரிய ஹீரோவாக இருந்தாலும் இடைவேளைக்குப் பிறகு கதை இல்லையென்றால் இல்லை என்றே எழுதுவேன். பின்னணி இசையின் சத்தத்தில் வசனமே காதில் விழாத படங்கள், ஒரே ரகசியத்தை மாதக்கணக்கில் இழுத்து, தெரிய வேண்டியவருக்குத் தெரியப்போகும் நேரத்தில் யாராவது மயங்கி விழும் சீரியல்கள், எல்லாவற்றையும் பற்றி ஒளிவு மறைவில்லாமல் எழுதியிருக்கிறேன். பிடித்துப்போனால் அதே அளவுக்குத் தூக்கியும் வைப்பேன். போன வருஷம் யாரும் கண்டுகொள்ளாத ஒரு சின்னப் படத்துக்கு எங்கள் குழுவிலிருந்தே ஒரு வரிசை நிரம்பியது.

இந்தக் குணத்தைத்தான் அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். தமிழ்நாட்டில் இப்போது பெரிய படங்களுக்கும் முதல் காட்சி காலை 9 மணிக்குத்தான். இங்கே விடியற்காலையிலேயே ஷோ போட்டுவிடுகிறார்கள். ஓசூர், கிருஷ்ணகிரியிலிருந்துகூட ஆட்கள் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். படம் எப்படி என்ற பேச்சு சென்னைக்கு முன்னாலேயே பெங்களூரில் கிளம்பிவிடும். எனக்கு வந்த செய்தியும் அதைத்தான் தொட்டது: "வணக்கம் சிஸ்டர். நாங்க சினிமா ஆன்லைன் ப்ரமோஷன் கம்பெனி. பெங்களூர்ல காலை ஷோ பார்க்கிற ஆடியன்ஸ் ஒப்பீனியன் எங்களுக்கு ரொம்ப முக்கியம். ஒரு ரேட்டிங்குக்கு ஐம்பது ரூபாய்." அனுப்பியவர் தன்னை ஹெச்.ஆர். என்று சொல்லிக்கொண்ட ஒரு பெண். பேச்சில் மரியாதைக்குக் குறைவே இல்லை.

நம்பும்படியாக இருந்ததற்குக் காரணம் உண்டு. விமர்சனத்தால் படங்கள் விழுகின்றன என்று தயாரிப்பாளர்களே பொதுவில் பேசுகிற காலம் இது. 2024 நவம்பரில் தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர் சங்கம், தியேட்டர் வளாகத்தில் யூடியூப்காரர்களை ரசிகர்களிடம் கருத்துக் கேட்க விடாதீர்கள் என்று அறிக்கை விட்டது. படம் வந்த முதல் மூன்று நாட்களுக்கு விமர்சனமே வேண்டாம் என்று இன்னொரு தயாரிப்பாளர் சங்கம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. விமர்சனம் கருத்துச் சுதந்திரம் என்று சொல்லி நீதிமன்றம் இடைக்காலத் தடை தரவில்லை. பார்வையாளர் சொல்லும் ஒரு வார்த்தைக்கு இத்தனை மதிப்பு இருக்கும்போது, அதற்கு ஐம்பது ரூபாய் தருகிறோம் என்று ஒருவர் வந்தால் அதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

முதல் நாளே மூன்று படங்களுக்கு 150 ரூபாய் ஜி-பேயில் வந்தது. அப்புறம் டெலிகிராமுக்கு வரச் சொல்லி, ஒரு வெப்சைட் லிங்க் கொடுத்தார்கள். மேலே படத்தின் போஸ்டர், கீழே ஐந்து ஸ்டார், அதற்கும் கீழே ஒரு கமென்ட் பெட்டி, சப்மிட் பட்டன். பார்க்க நன்றாகவே இருந்தது.

அதில் வந்த ஒரு படத்தை நான் தியேட்டரில் பார்த்திருந்தேன். எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. இரண்டு ஸ்டார் போட்டு, இரண்டாம் பாதி ஏன் உட்கார முடியவில்லை என்று நாலு வரி எழுதி சப்மிட்டை அழுத்தினேன். சிவப்பு எழுத்தில் ஏதோ வந்து நின்றுவிட்டது. உடனே 'மென்டர்' என்று எனக்கு ஒதுக்கியிருந்த ஆள் எழுதினான்: "மேடம், ஃபைவ் ஸ்டார் மட்டும்தான் அக்செப்ட் ஆகும். கமென்ட்ல ரெடியா இருக்கிறதையே விட்டுடுங்க, மாத்தாதீங்க." அந்தப் பெட்டியில் ஏற்கெனவே ஒரு புகழ்ச்சி வாசகம் இருந்தது. அடுத்த படத்துக்கும் அதே வாசகம். அதற்கடுத்து வந்தது இன்னும் ரிலீஸே ஆகாத படம். அதற்கும் அதே வாசகம், அதே ஐந்து ஸ்டார்.

இந்த இடத்தை மட்டும் நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உண்மையில் உங்கள் கருத்து வேண்டும் என்பவர் இரண்டு ஸ்டாரையும் வாங்கிக்கொள்வார். ஐ.எம்.டி.பி. மாதிரிப் படங்களுக்கு மதிப்பெண் போடும் தளங்களில் யார் வேண்டுமானாலும் இலவசமாகக் கணக்குத் தொடங்கி ஒன்று முதல் பத்து வரை மதிப்பெண் போடலாம். அதற்கு யாரும் காசு தருவதில்லை, கேட்பதும் இல்லை. கூட்டமாக வந்து குத்தும் ஓட்டு மதிப்பெண்ணைக் கெடுத்துவிடாமல் இருக்க, எல்லா ஓட்டையும் ஒரே எடையில் எண்ணாமல் வேறு கணக்கு வைத்திருக்கிறார்கள். பொருளுக்கும் சேவைக்கும் ஆன்லைனில் எழுதும் விமர்சனங்களுக்காக 2022-இல் மத்திய அரசு ஐ.எஸ். 19000 என்று ஒரு தரநிலையே கொண்டுவந்தது. காசு கொடுத்து வாங்கிய விமர்சனத்தைப் போடக்கூடாது என்பது அதில் ஓர் அம்சம். ஆகவே 'ரேட்டிங் போட்டால் சம்பளம்' என்ற வேலையை ஒழுங்கான எந்தக் கம்பெனியும் முன்பின் தெரியாதவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பாது.

இனி பணம் போன கதை. இதை நீட்ட வேண்டியதில்லை, எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் நடக்கிறது. 'ப்ரீபெய்டு டாஸ்க்' என்று 2,000 கட்டச் சொன்னார்கள், அன்றே 2,800 ஆகத் திரும்பி வந்தது. அடுத்து 5,000. அது வெப்சைட்டில் மட்டும் பெருகியது, கைக்கு வரவில்லை. "காம்போ படம் விழுந்திருக்கு, உங்களுக்கு லக், கமிஷன் ஆறு மடங்கு" என்று 18,000. பிறகு கணக்கு மைனஸில் போய்விட்டது, சரி செய்தால்தான் மொத்தமும் எடுக்கலாம் என்று 46,000. கடைசியில் பணத்தை எடுக்க 'வரி' 92,000 கட்டு என்றார்கள்.

ஒவ்வொரு முறையும் வேறு வேறு யு.பி.ஐ. ஐடி. பின் போடுவதற்கு முன்னால் திரையில் பெயர் வருமே, அதில் ஒருமுறை ஒரு ஃபேன்சி ஸ்டோர், ஒருமுறை வட இந்தியப் பெயரில் ஒரு தனியாள், இன்னொருமுறை ஒரு பால் டிப்போ. கேட்டால் "அவங்க எங்க மெர்ச்சன்ட் பார்ட்னர்" என்று பதில். இவையெல்லாம் கமிஷனுக்கு வாடகைக்கு விட்ட கணக்குகள். மியூல் அக்கவுன்ட் என்கிறார்கள். விழுகிற பணம் சில நிமிஷங்களில் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாண்டிவிடும்.

டெலிகிராம் குழுவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதில் கே.ஆர்.புரத்திலிருந்து என்று சொல்லிக்கொண்டு ஒரு அம்மா இருந்தார். நான் தயங்கியபோதெல்லாம் தனியாக வந்து பேசுவார். "நானும் முதல்ல பயந்தேம்மா. நகையை வச்சுத்தான் கட்டினேன். கட்டின அன்னைக்கே மொத்தமும் வந்துடுச்சு, நேத்து போய் மூட்டுட்டேன்." கூடவே வங்கி மெசேஜின் ஸ்கிரீன்ஷாட். குழுவில் வாழ்த்துச் சொன்னவர்கள், சந்தேகம் கேட்டவர்கள், பதில் சொன்னவர்கள் எல்லோரும் அவர்கள் ஆட்கள்தான். ஏமாற வேண்டிய ஒருத்திக்காக நடந்த நாடகம் அது. நம் பாஷையில், நம் வீட்டுப் பெண் மாதிரிப் பேசி இதைச் செய்தார்கள் என்பதுதான் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

92,000 கேட்ட அன்று என் தம்பி வீட்டுக்கு வந்திருந்தான். போனை வாங்கிப் பார்த்தவன் உடனே 1930-க்கு அடித்தான். இது சைபர் மோசடிக்கான தேசிய உதவி எண். பணம் போன தேதி, நேரம், தொகை, நம் வங்கி, யு.பி.ஐ. பரிவர்த்தனையின் 12 இலக்க எண் ஆகியவற்றைக் கேட்பார்கள். பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். பணம் எந்தக் கணக்கில் இன்னும் மிச்சம் இருக்கிறதோ அங்கே நிறுத்தி வைக்கச் சொல்வார்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு மிஞ்சும். எனக்கு 11,400 மட்டும் ஒரு கணக்கில் பிடிபட்டது. பிறகு சைபர் கிரைம் அரசுத் தளத்தில் புகாரை முழுசாகப் பதிய வேண்டும்.

ஒரு முக்கியமான விஷயம்: ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் முதலில் எடுத்துவிடுங்கள். டெலிகிராமில் எதிராளி நினைத்தால் நம் பக்கத்து உரையாடலையும் சேர்த்து அழித்துவிட முடியும். நான் பணம் தரமாட்டேன் என்று எழுதிய கொஞ்ச நேரத்தில் மென்டர் பேசியது முழுவதும் காணாமல் போனது. தம்பி முன்பே படம் எடுத்து வைத்ததால் பிழைத்தேன்.

வங்கியில் எனக்குக் கிடைத்த பதில் கசப்பானது. நமக்குத் தெரியாமல் கணக்கிலிருந்து பணம் போய், மூன்று வேலை நாட்களுக்குள் சொல்லிவிட்டால், நம் மீது தவறில்லாதபோது பொறுப்பு நம்முடையதில்லை என்று ரிசர்வ் வங்கி 2017-இல் ஒரு விதி கொண்டுவந்தது. "நீங்களே பின் போட்டு அனுப்பியிருக்கீங்க மேடம், அந்த விதி இதுக்கு வராது" என்று முடித்துவிட்டார்கள். போலீஸ் பரவாயில்லை. பெங்களூரில் சைபர் குற்றங்களுக்கென்று டிவிஷன்வாரியாகப் போலீஸ் நிலையங்கள் இருக்கின்றன. அங்கே எழுத்தர் தலையை நிமிர்த்தாமல் கேட்ட முதல் கேள்வி, "எஷ்டு ஹோய்த்து?" எவ்வளவு போச்சு என்று. என் முன்னால் காத்திருந்தவர்களிலும் ரேட்டிங் வேலை என்று ஏமாந்தவர் ஒருவர் இருந்தார். அவருக்கு ஹோட்டல் ரேட்டிங், எனக்குப் படம்.

கொஞ்ச நாள் கழித்து மகளின் காலேஜ் ஃபீஸ் கட்டப் போனால் கணக்கு வேலை செய்யவில்லை. டெபிட் ஃப்ரீஸ், அதாவது கணக்கிலிருந்து பணம் எதுவும் வெளியே போக முடியாது. வேறு ஒரு மாநிலத்து சைபர் போலீஸ் சொல்லி நிறுத்தியிருக்கிறார்கள். ப்ரீபெய்டு டாஸ்க்கில் எனக்குத் திரும்பி வந்த அந்த 2,800 ரூபாய் அங்கே ஒருவர் ஏமாந்து கட்டிய பணம். அவர் புகார் கொடுக்க, பணம் போன தடத்தில் என் கணக்கும் வந்துவிட்டது. அவர் பணத்தை எனக்குக் 'கமிஷன்' என்று போட்டு என்னை நம்ப வைத்திருக்கிறார்கள். என் பணம் எந்த ஊர்ப் பெண்ணுக்குக் கமிஷனாகப் போயிருக்குமோ என்று நினைத்தால் வயிறு எரிகிறது. பறிகொடுத்த நான் இன்னொருவர் புகாரில் சந்தேகத்துக்குரிய கணக்குக்காரி.

அதை விடுவிக்க என்ன செய்தேன் என்றால், எந்தக் காவல் நிலையம், எந்தப் புகார் எண் என்பதை வங்கியிடம் எழுத்தில் கேட்டு வாங்கினேன். அந்த அதிகாரிக்கு என் சொந்தப் புகாரின் நகல், உரையாடல் படங்கள், கணக்கு அறிக்கை எல்லாவற்றையும் மெயிலில் அனுப்பி, சர்ச்சைக்குரிய 2,800-ஐ மட்டும் நிறுத்தி வைத்துவிட்டு மீதியை விடச் சொன்னேன். அலைச்சல்தான், ஆனாலும் கேட்டார்கள். அந்தத் தொகையை மட்டும் எடுக்க முடியாதபடி நிறுத்தி வைத்து (லியன் என்கிறார்கள்) கணக்கைத் திறந்துவிட்டார்கள். பிடிபட்ட 11,400 திரும்ப வர நீதிமன்ற உத்தரவு வேண்டும் என்று அப்போது சொன்னார்கள். மனு போட்டிருக்கிறேன், இன்னும் வரவில்லை.

இதற்கு நடுவில் இன்னொரு கூட்டமும் வந்தது. "உங்க பணத்தை மீட்டுத் தர்றோம், சைபர் வக்கீல், ஃபீஸ் மட்டும் முன்னாடி" என்று. ஏமாந்தவர்களின் எண்களைக் கைமாற்றி விற்கிறார்கள் போலிருக்கிறது. 1930-லிருந்தோ போலீஸிலிருந்தோ யாரும் பணத்தை மீட்கக் காசு கேட்கமாட்டார்கள். அப்படிக் கேட்கும் எண்ணையும் புகாரில் சேர்த்துவிடுங்கள்.

செய்தி வந்திருக்கிறது, இன்னும் பணம் எதுவும் போகவில்லை என்றால் மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் சக்ஷு என்ற பகுதியில் அந்த எண்ணைப் பதியலாம். ஏற்கெனவே 150 ரூபாயோ 200 ரூபாயோ உங்கள் கணக்கில் வந்திருந்தால், திருப்பி அனுப்புகிறேன் என்று அவர்கள் தரும் எந்த ஐடிக்கும் அனுப்பாதீர்கள், அதுவும் வேறொரு மியூல் கணக்காகத்தான் இருக்கும். தொகையை அப்படியே வைத்துக்கொண்டு, இன்றைக்கே 1930-ல் சொல்லி, உங்கள் வங்கிக் கிளைக்கும் ஒரு கடிதம் கொடுத்து, முத்திரை போட்ட நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு முடங்கிய பிறகு நான் திரட்டிய காகிதங்கள் இவைதான். முன்பே கையில் இருந்தால் உங்களுக்குப் பாதி அலைச்சல் மிச்சம்.