கர்ப்ப காலத்தில் ஃப்ளூ ஊசி: இப்போதே போடுவதா, பிரசவத்துக்குப் பிறகா, போடாமலே விடுவதா?

கர்ப்பிணிகளுக்கு ஃப்ளூ தடுப்பூசி என்று பேச்செடுத்தால் முதலில் வரும் கேள்வி, "ஊசியால் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமா?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் ஊசி போடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பலரும் அதைச் செய்வதில்லை. போடாமல் இருப்பதும் ஒரு முடிவுதான், அதற்கும் ஆபத்து உண்டு.

முதலில் அந்தப் பக்கத்தைப் பார்ப்போம். கர்ப்பத்தில் உடலின் நோய் எதிர்ப்பு முறை மாறுகிறது, இதயத்துக்கு வேலை கூடுகிறது, வளரும் கருப்பை மேலே தள்ளுவதால் நுரையீரல் விரிய இடம் குறைகிறது. மற்றவர்களுக்கு ஒரு வாரக் காய்ச்சலாகப் போவது இவர்களுக்கு நிமோனியாவாக மாற வாய்ப்பு அதிகம். 2009 எச்1என்1 (பன்றிக் காய்ச்சல்) பெருந்தொற்றின்போது அமெரிக்க மக்கள்தொகையில் கர்ப்பிணிகள் ஏறத்தாழ 1 சதவீதம். அந்தக் காய்ச்சலால் இறந்தவர்களிலோ அவர்கள் சுமார் 5 சதவீதம். உலக சுகாதார நிறுவனம் 2012-இல் ஃப்ளூ தடுப்பூசிக்கு கர்ப்பிணிகளை முதல் வரிசையில் வைத்ததில் ஆச்சரியமில்லை.

ஊசியையும் நோயையும் ஒரே தராசில் நிறுத்திப் பார்த்த ஆய்வு நார்வேயில் நடந்தது. அதே பெருந்தொற்றுக் காலத்தின் 1,17,000-க்கும் மேற்பட்ட கர்ப்பங்களை ஆராய்ந்து 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். தடுப்பூசி போட்டவர்களிடம் குழந்தை வயிற்றிலேயே இறப்பது கூடவில்லை. ஃப்ளூ வந்தவர்களிடம் அந்த ஆபத்து ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது. தயங்குகிற யாரிடமாவது ஒரே ஒரு ஆய்வைத்தான் சொல்ல முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

சரி, ஊசியின் பக்கம் என்ன இருக்கிறது? கை வலி, உடம்பு அசதி, ஓரிரு நாள் லேசான காய்ச்சல். ஊசியில் இருப்பது செயலிழக்கச் செய்யப்பட்ட வைரஸ், அதனால் ஃப்ளூவைக் கொடுக்க முடியாது. கடுமையான ஒவ்வாமை வரலாம், ஆனால் அது பத்து லட்சம் டோஸுக்கு ஒன்று என்ற அளவில்தான். நரம்புகளைத் தாக்கும் கியான்-பாரே நோய் கூடினாலும் பத்து லட்சத்துக்கு ஒன்று அல்லது இரண்டு பேர், ஃப்ளூ காய்ச்சலே அதைவிட அதிகமாக அந்த நோயைக் கிளப்பக்கூடியது. பாதரசச் சேர்மமான தயோமெர்சால் பலருக்குக் கவலை தருகிறது. பல டோஸ் கொண்ட குப்பிகளில் அது மிகச் சிறிய அளவில் இருக்கும், தீங்கு செய்ததாக ஆய்வுகளில் தெரியவில்லை. அப்படியும் மனசு ஒப்பவில்லையென்றால், ஒற்றை டோஸாக முன்பே நிரப்பி வரும் ஊசிகளில் பொதுவாக அது இருக்காது, கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

மறைக்கக் கூடாத ஒரு விஷயமும் உண்டு. 2017-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், முந்தைய ஆண்டும் எச்1என்1 அடங்கிய ஊசி போட்டிருந்த பெண்களிடம், புதிய ஊசி போட்ட 28 நாட்களுக்குள் கருச்சிதைவு கூடுதலாகத் தெரிந்தது. பயப்பட வைக்கும் செய்திதான். அதே ஆய்வுக் குழு அடுத்த மூன்று பருவங்களின் தரவுகளை எடுத்து, இன்னும் அதிகமான பெண்களை வைத்துச் சோதித்து 2019-இல் முடிவைச் சொன்னது: அப்படி ஒரு தொடர்பு இல்லை. முதல் சில மாதங்களில் கருச்சிதைவு எந்தக் காரணமும் புலப்படாமலே பலருக்கு நடக்கிறது. ஊசி போட்ட வாரத்தில் அது நேர்ந்தால் மனம் ஊசியைத்தான் பழிக்கும், அந்த வலி புரிகிறது. ஆனால் முன்பின் நடந்தது என்பதால் மட்டும் காரணம் ஆகிவிடாது.

அப்படியானால் முதல் மூன்று மாதம் கழித்துப் போடலாமா? எந்த மாதத்திலும் போடலாம் என்பதுதான் பரிந்துரை. ஃப்ளூ பருவம் தொடங்கிவிட்டால் காத்திருப்பது வீண், ஆரம்ப வாரங்களில் வரும் கடும் காய்ச்சலே கருவுக்கு நல்லதல்ல. பருவம் தொடங்க இன்னும் மாதங்கள் இருந்தால் தள்ளிப் போடுவதில் தவறில்லை, ஊசியின் பலன் காலப்போக்கில் குறையும்.

மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே இந்தப் போட்டியிலேயே இல்லை. அதில் வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸ் இருப்பதால் கர்ப்பிணிகளுக்குத் தருவதில்லை. கர்ப்பம் தெரியாமல் எடுத்துக்கொண்டவர்கள் கலங்க வேண்டாம், மருத்துவரிடம் சொன்னால் போதும்.

"பிரசவம் முடியட்டும், அப்புறம் போட்டுக்கொள்கிறேன்" என்பது பத்திரமான நடுவழியாகத் தெரியும். எனக்கு அதில்தான் பெரிய இழப்பு தெரிகிறது. ஆறு மாதம் ஆகாத குழந்தைக்கு ஃப்ளூ ஊசி போட முடியாது. அதற்குக் கிடைக்கும் கவசம் தாயிடமிருந்துதான். ஊசி போட்ட இரண்டு வாரத்தில் தாயின் உடலில் உருவாகும் எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தையின் ரத்தத்துக்கே போய்ச் சேருகின்றன. பிரசவத்துக்குப் பின் போட்டால் தாய் பாதுகாப்பாக இருப்பார், தாய்ப்பாலிலும் கொஞ்சம் போகும், ஆனால் அந்த வழி மூடிவிட்டது. வங்கதேசத்தில் நடந்து 2008-இல் வெளியான ஆய்வில், கர்ப்பத்தில் ஊசி போட்ட தாய்மார்களின் குழந்தைகளுக்கு முதல் ஆறு மாதத்தில் பரிசோதனையில் உறுதியான ஃப்ளூ 63 சதவீதம் குறைந்தது. தென்னாப்பிரிக்காவில் 2014-இல் வெளிவந்த ஆய்வில் தாய்க்கும் சேய்க்கும் ஏறக்குறைய பாதி. பிறந்த முதல் சில வாரங்களில்தான் இந்தப் பலன் அதிகம், பிறகு தேயும். வைரஸும் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் புதிதாகப் போட வேண்டும்.

"காய்ச்சல் வந்தால் மாத்திரை இருக்கிறதே" என்பவர்களுக்கு: ஓசெல்டாமிவிர் கர்ப்பிணிகளுக்கும் தரப்படும் மருந்துதான். ஆனால் அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் முழுப் பலன். வெறும் சளி என்று இரண்டு நாள் பொறுத்தாலே அந்த நேரம் போய்விடும். ஊசி முழுக் காப்பும் அல்ல. 2010 முதல் 2016 வரை பல நாடுகளின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்ததில், கர்ப்பிணிகள் ஃப்ளூவால் மருத்துவமனையில் சேர்வதை அது சுமார் 40 சதவீதம் குறைத்திருந்தது. ஆகவே ஊசி போட்டிருந்தாலும், காய்ச்சலோடு இருமலோ மூச்சுத் திணறலோ வந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள், கர்ப்பமாக இருப்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.