சதைத்துடுப்பு மீன் மாதிரிப் பெட்டி: துடுப்பு சரி, அம்புக்குறி தவறு

வகுப்பறைக்கென்றே விற்கப்படும் இந்தப் பெட்டியில் இன்றும் ஆழ்கடலில் வாழும் சீலகாந்த், அழிந்துபோன யூஸ்தெனாப்டெரான், டிக்டாலிக் என மூன்று மாதிரிகள். மூன்றும் சதைத்தண்டின் மேல் துடுப்பு அமைந்த மீன்கள். மாதிரிகள் எல்லாம் பிவிசி, 1:10 அளவு. கூடவே மடித்துவைத்த ஒரு விளக்கத்தாள்.

சீலகாந்த் 18 செ.மீ. எந்த சீலகாந்த் மாதிரியை வாங்கினாலும் முதலில் துடுப்புகளை எண்ணுங்கள். மார்பில் ஓர் இணை, வயிற்றில் ஓர் இணை, முதுகில் இரண்டு, குதத்துடுப்பு, வால் என்று எட்டு வரவேண்டும். இவற்றில் முதல் முதுகுத்துடுப்பு உடம்பிலிருந்து நேராக விசிறிபோல விரியும். அதற்குச் சதைத்தண்டு கிடையாது. இரண்டாவதற்கு உண்டு. இரண்டையும் ஒன்றுபோல வார்த்திருந்தால் அந்த மாதிரியே வேண்டாம். இதில் சரியாகச் செய்திருக்கிறார்கள். வால் நடுவில் துருத்தி நிற்கும் சிறு மடல்கூட விடுபடவில்லை, அருமையான வேலை! நீலத்தில் வெள்ளைத் திட்டுகளும் பொருத்தம். மூக்கு நுனியில் மின்புலத்தை உணரும் உறுப்பின் மூன்று இணைத் துளைகளைத்தான் காணோம்.

நிறுத்தியிருக்கும் விதம் பெரிய பிழை. நான்கு துடுப்புகளையும் மணலில் ஊன்றி நடப்பதுபோல் அடித்தட்டில் ஒட்டியிருக்கிறார்கள். 1987இல் ஜெர்மன் உயிரியலாளர் ஹான்ஸ் ஃபிரிக்கேயின் குழு இந்தியப் பெருங்கடலின் கொமொரோ தீவுகளுக்கு அருகே நீர்மூழ்கியிலிருந்து பார்த்தபோது, இந்த மீன் தரையில் நடக்கவில்லை. நீரோட்டத்தில் மிதந்தபடி, இடது மார்புத்துடுப்பையும் வலது வயிற்றுத்துடுப்பையும் சேர்த்து அசைத்தது. தட்டைக் கழற்றிவிட்டு நூலில் தொங்கவிடுங்கள்.

யூஸ்தெனாப்டெரானுக்காகவே பெட்டியை வாங்கலாம். வலது மார்புத்துடுப்பில் தோலைத் திறந்து எலும்பைக் காட்டியிருக்கிறார்கள்: தோளை ஒட்டி ஒன்று, அதற்கடுத்து இரண்டு. மாணவர் தன் மேற்கையையும் முன்கையையும் தொட்டுப் பார்த்து ஒப்பிடலாம். ஏறத்தாழ 38 கோடி ஆண்டுக்கு முந்தைய மீனில் நம் கையின் அடிப்படை அமைப்பு!

டிக்டாலிக்கில் தட்டையான தலை, மேலே நோக்கிய கண்கள், செவுள்மூடி இல்லாத கழுத்து எல்லாம் உண்டு. விரல் வைக்காததும் சரியே. அதன் துடுப்பு நுனியில் மீன்களுக்கு உள்ளதுபோன்ற மெல்லிய துடுப்புக்கதிர்கள்தான் இருந்தன. மாதிரியில் பின்துடுப்புகள்தாம் சிறுத்துவிட்டன. 2004இல் கனடாவின் எல்ஸ்மியர் தீவில் கிடைத்த இந்தப் புதைபடிவத்தின் இடுப்பெலும்பு விவரம் 2014இல்தான் வெளியானது. அது தோள்பட்டை எலும்புக்கு ஏறக்குறைய நிகரான அளவு. மாதிரியை வார்த்தவர்கள் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

பிவிசி துடுப்பு பெட்டிக்குள் வளைந்து வருவது வழக்கம். கொதிக்கவிடாமல், கை பொறுக்காத சூட்டுக்குத் தண்ணீரைச் சுடவைத்து அரை நிமிடம் முக்குங்கள். இடுக்கியால் எடுத்து நிமிர்த்தி, உடனே குளிர்ந்த நீரில் பிடியுங்கள். குளிர்விக்காமல் விட்டால் பழையபடி வளையும். ரெசின் மாதிரியில் இதைச் செய்யாதீர்கள்.

விளக்கத்தாளை அப்படியே மாட்டவேண்டாம். சீலகாந்திலிருந்து டிக்டாலிக் வழியாக மனிதனுக்கு ஒரே அம்புக்குறி போட்டிருக்கிறார்கள். சீலகாந்த் நம் மூதாதை அல்ல. 40 கோடி ஆண்டுக்கும் முன்பே பிரிந்துபோன கிளை. நாமும் அடங்கிய நான்குகால் விலங்குகளுக்கு அதைவிட நெருங்கிய உறவு நுரையீரல் மீன் என்பதை 2013இல் வெளியான சீலகாந்த் மரபணுத்தொகுதி ஆய்வும் உறுதிசெய்தது. அந்த மீனைப் பெட்டியிலேயே வைக்கவில்லை. அம்பை வெள்ளைத்தாளால் ஒட்டி மறைத்து, அடியில் ஒரு கிளையை வரைந்து அதன் நுனியில் சீலகாந்தை வையுங்கள். அதற்கு மேலே பிரியும் கிளையில் ஆஸ்திரேலிய நுரையீரல் மீனின் படம் ஒன்றை ஒட்டுங்கள். மற்ற இரண்டு மாதிரிகளும் அதற்கப்பால், நான்குகால் விலங்குகள் போகும் கிளையில்.