டி1-ஆ, இ1-ஆ? அந்த முதல் எழுத்து என்ன சொல்கிறது

டி1, இ1 என்பவை பல போன் அழைப்புகளை ஒரே தடத்தில் ஏற்றும் இரண்டு டிஜிட்டல் முறைகள். சேலத்தில் பிபிஎக்ஸ் (அலுவலகத்துக்குள் இருக்கும் டெலிபோன் எக்சேஞ்ச்) மாட்டும் வேலையில் இருப்பவர்களிடம் டி1-ல் உள்ள டி எதற்கு என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் டிஜிட்டல் என்பார்கள். தமிழில் எழுதும்போது வரும் குழப்பம் அது, இது ஆங்கிலத்தில் T என்று எழுதும் டி. அது தெரிந்தவர்களிலும் ஒருவர் ட்ரங்க் என்பார், இன்னொருவர் டைம் என்பார். எனக்கு இரண்டுமே பிறகு பொருத்திக்கொண்ட விளக்கங்களாகத்தான் படுகின்றன. அமெரிக்காவின் பெல் நிறுவனம் பல அழைப்புகளை ஒரே தடத்தில் ஏற்றும் முறைகளுக்கு ஜே, கே, எல், என், ஓ என்று வெறும் எழுத்துகளையே பெயராக வைத்துக்கொண்டு வந்தது, 1962-ல் புழக்கத்துக்கு வந்த டிஜிட்டல் முறைக்கு டி. எல்லுக்கு யாரும் விரிவு தேடுவதில்லை, டி-க்கு மட்டும் ஏன் தேட வேண்டும்?

இ-யில் இந்தச் சண்டையே இல்லை, அது ஐரோப்பா. ஜே1 ஜப்பானுடையது, வேகத்தில் டி1-ஏதான், நமக்கு அது தேவைப்படாது.

சரி, எது மேல்? இரண்டிலும் ஒரு குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் 8 பிட்டாக எழுதுகிறார்கள். டி1-ல் ஒரு சுற்றுக்கு 24 குரல், அதாவது 192 பிட், ஒழுங்கு காக்க இன்னும் 1, ஆக 193. அதை 8,000-ஆல் பெருக்கினால் 1.544 எம்பிபிஎஸ். இ1-ல் 32 இடம், 256 பிட், 2.048 எம்பிபிஎஸ்.

ஏற்காடு பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். இ1 என்பது 32 சீட் வண்டி, அதில் ஒரு சீட் ஒழுங்கு காக்கும் டிரைவருக்கு, ஒரு சீட் கண்டக்டருக்கு, மீதி 30 பயணிகளுக்கு. யார் ஏறினார், யார் இறங்கினார் என்பதெல்லாம் கண்டக்டர் பாடு. பழைய டி1-ல் 24 சீட்டிலும் பயணிகள்தான், கண்டக்டருக்கு இடமே கிடையாது. அதனால் ஆறு முறைக்கு ஒரு முறை ஒவ்வொரு பயணியிடமிருந்தும் ஒரு பிட்டைப் பிடுங்கித்தான் டயல், ரிங் கணக்கை ஓட்டினார்கள். குரலுக்கு இது உறைக்காது, டேட்டா அனுப்பினால் 64-க்குப் பதில் 56 கேபிபிஎஸ்தான் நம்பிக்கையாகக் கிடைக்கும். பின்னாளில் பிஆர்ஐ (அலுவலகங்களுக்கு ஒரே லைனில் பல அழைப்புகளைத் தரும் இணைப்பு) வந்தபோது அங்கேயும் ஒரு சீட்டைக் கண்டக்டருக்கு விட்டார்கள், 24 என்பது 23 ஆனது.

ஆனாலும் டி1 மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. நகரத்தின் அடியில் ஏற்கெனவே கிடந்த தாமிர ஜோடிகளிலேயே அதை ஓட விட்டார்கள். சுமார் 6,000 அடிக்கு ஒன்றாக மேன்ஹோலில் குரல் தூரம் போக உதவும் லோடிங் காயில்கள் இருந்தன, அவற்றைக் கழற்றிவிட்டு அதே இடத்தில், தேய்ந்த சிக்னலைப் புதுப்பித்து அனுப்பும் ரிப்பீட்டரை வைத்தார்கள். புதிதாகத் தெருவைத் தோண்டாமல் இரண்டு ஜோடிக் கம்பியில் 24 பேரைப் பேச வைத்தது சின்ன வேலையா? இ1 அதற்குப் பிறகு வந்தது, முன்னவர் பட்ட சிரமத்தைப் பார்த்துக் கண்டக்டர் சீட்டை முதலிலேயே ஒதுக்கிக்கொண்டது.

இந்தியா இ1 பக்கம். இதை மறந்தால் என்ன ஆகும் என்று ஐந்து ரோடு பக்கம் ஒரு அலுவலகத்தில் பார்த்தேன். வெளிநாட்டில் ஓடிய, லைனைப் பிபிஎக்ஸோடு இணைக்கும் பழைய கார்டு ஒன்றை மலிவாக வாங்கி மாட்டியிருந்தார்கள். கூட வந்த தம்பி, "அண்ணா, கேபிள் சரியாத்தான் இருக்கு, சிவப்பு லைட் போகவே மாட்டேங்குதுங்க" என்று மதியம் வரை கேபிளையே மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தான். கார்டின் ஓரத்தில் அரிசி அளவில் ஒரு ஜம்பர் (டி1-ஆ, இ1-ஆ என்று தேர்ந்தெடுக்கும் இணைப்புத் துண்டு), அது டி1-ல் இருந்தது. மாற்றியதும் பச்சை வந்தது. ஆனால் முதல் அழைப்பிலேயே குரல் கரகரவென்று உடைந்தது, ஏனென்றால் செட்டிங்கில் குரலை 8 பிட்டாக எழுதும் அமெரிக்க விதியான மியூ-லா அப்படியே கிடந்தது, நம்முடைய விதி ஏ-லா. அதையும் மாற்றிய பிறகுதான் எதிர்முனையில் பேசிய அம்மாவின் குரல் தெளிவாகக் கேட்டது.

அதனால் நம் ஊரில் பிஆர்ஐ எடுப்பவர்களுக்கு என் பதில் இ1, அதில் யோசனையே வேண்டாம். பழைய கார்டு வாங்கினால் பணம் கொடுக்கும் முன் அந்த ஜம்பரைப் பாருங்கள், அப்புறம் ஏ-லா இருக்கிறதா என்று பாருங்கள், கேபிளைக் கடைசியில் சந்தேகப்படலாம்.